லைனில் ஒரு பிழையும் இல்லை

கொம்பியூட்டருக்கு மேல துணி போட்டு மூடுற பழக்கம் எனக்கு இன்னும் இருக்கு. வெள்ளவத்தையில கடற்கரைப் பக்கம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், உப்புக் காத்து ஒண்டையும் விட்டுவைக்காது. கேத்திலும் கறள், ஜன்னல் கொளுக்கியும் கறள். கொம்பியூட்டர் மட்டும் புதுசு மாதிரி இருக்கு. நான் சாமான்களை வடிவாப் பாக்கிற ஆள்.

எங்கட மகன் சாரங்கன் லண்டனில இருந்துகொண்டே அதுக்குள்ள பயர்வோல் எண்டு ஒண்டைப் போட்டவன். ஆரோ பாங்கில இருந்து கதைக்கிறம் எண்டு என்னை ஏமாத்தப் பாத்ததுக்குப் பிறகு. இனிக் கள்ளர் உள்ள வரேலாது அம்மா எண்டான். கள்ளர் வரேல்லைத்தான். ஆனா காலமையில நான் கேக்கிற பாட்டு நிண்டுபோச்சு. பஞ்சாங்கத்தைத் திறந்தா வெறும் வெள்ளை. பேந்து பாத்தா கொம்பியூட்டரில வாற அவன்ர கோலே வரேல்லை. ஒண்டும் சொல்லாது, கேக்காது, சும்மா நிப்பாட்டிப்போடும். எனக்கு விசர் வந்துது.

பாமன்கடையில கொம்பியூட்டர் திருத்துற இன்ஸாப்பைக் கூப்பிட்டனான். ரெண்டு பிள்ளையளின்ர தகப்பன், தன்மையான மனுசன்.

"இதுக்குத் தெரிஞ்ச ஆள், தெரியாத ஆள் எண்டு இல்ல ஆன்ட்டி. அங்க மகனுக்கு மணி அடிச்சிட்டே ஈக்கும். இங்க உங்களுக்கு ஒரு சத்தமும் வராது."

"அப்ப அவன் என்ன நினைப்பான்?"

"நீங்க வேணுமெண்டே எடுக்கல்ல எண்டு நெனப்பார்."

சிவப்பு எண்டா பூட்டு, பச்சை எண்டா திறப்பு. எங்க அமத்துறது எண்டு காட்டித் தந்தார். ஒருக்காப் படிச்சதை மறக்கிற ஆள் இல்லை நான்.

ஞாயிறு பின்னேரம்தான் சாரங்கன் கோல் எடுக்கிறது. இவருக்கு, என்ர மனுசனுக்கு, வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த பிறகு போனைப் பிடிக்க ஏலாது, காதும் மந்தம். பெரிய ஸ்கிரீனும் ஸ்பீக்கரும் இருந்தாத்தான் கதை. தகப்பனும் மகனும் கிரிக்கெட் கதைப்பினம், கார் கதைப்பினம், சிரிப்பினம். நான் பிளேன்டீ ஊத்திக் கொண்டந்து வைப்பன். முடியிற நேரம் "அம்மா, சுகமோ?" எண்டுவான். ஓம் எண்டு சொல்ல முதல் கட்டாகிடும். குறையாச் சொல்லேல்லை. ராகுலன் எல்லாத்தையும் முழுசாச் சொல்லச் சொன்னபடியாச் சொல்லுறன். ராகுலன் இவற்ற தம்பியின்ர மகன்.

ரெண்டாந்தரமும் இழுத்த பிறகு இவற்ற வாய் ஒரு பக்கம் கோணிப்போச்சு. அந்த முகத்தைக் கண்டா சாரங்கன் உடன வெளிக்கிட்டு வந்திடுவான். அங்க அவனுக்கு இருக்கிறதுக்கான பேப்பர் இன்னும் சரிவரேல்லை. நடுவில வெளிக்கிட்டா திரும்பி உள்ள விடமாட்டாங்கள். அத்தனை வருசப் பாடும் வீண். அதனால அந்த ஞாயிறு மத்தியானம், சாப்பாடு போட முதல், நான் சிவப்பை அமத்தினன்.

சாரங்கன் என்ர போனுக்கு எடுத்தான். "அப்பாவுக்கு உன்னில கோவம், ராசா. இவ்வளவு நாளும் வந்து பாக்கேல்லை எண்டு. கதைக்க மாட்டாராம். கொஞ்சம் ஆறட்டும்" எண்டன். இவரிட்டை, பொடியனுக்கு வேலையாக்கும் எண்டன்.

இவர் ஞாயிறு தவறாமச் சேட் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்கு முன்னால இருப்பார். சவரம் எடுத்துவிடுறதும் நான்தான், பொத்தான் பூட்டிவிடுறதும் நான்தான். இருட்டினாப் பிறகு கழட்டிவிடுறதும் நான்தான்.

ஒரு நாள் சொன்னார், "இஞ்சேரும் ஜெகா, உந்தப் பயர்வோல்தான் பிழை. இன்ஸாப்பைக் கூப்பிடும்."

கூப்பிட்டனான். கேட்டதைச் செய்யாம விட்டதில்லை. கிழமை நாளில வரச்சொல்லி, அவர் படியேற முதல் பச்சையை அமத்தினன். சாரங்கன் எடுத்துத் தவறின கோலெல்லாம் வரிசையா வந்து நிண்டுது, அதையும் அழிச்சுப்போட்டன். இன்ஸாப் கன நேரம் பாத்தார்.

"எல்லாம் தொறந்துதான் ஈக்கி அங்கிள். லைன்ல ஒரு பிழையும் இல்ல."

இவர் தலையை ஆட்டினார். இன்ஸாப்புக்கு ரோல்ஸும் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பினன். பேந்து சிவப்பு.

அடுத்த ஞாயிறு இவர் சேட் கேக்கேல்லை.

சித்திரை வருசத்துக்கு வந்த ராகுலன்தான், சாரங்கனுக்குப் பேப்பர் சரிவந்திட்டுது பெரியம்மா எண்டு என்னட்டைச் சொன்னவன். இவருக்கு நான் சொல்லேல்லை. இவர் கண்ணை மூடினது ஆவணியில. இப்ப ராகுலன் கேக்கிறதும் அதைத்தான்.

"பேப்பர் வந்த பிறகு ஏன் பெரியம்மா திறக்கேல்லை?"

மறந்துபோனன் எண்டு சொல்லலாம். ஆனா மறக்கிற ஆள் இல்லை எண்டு முதலே சொல்லிப்போட்டன். திறந்திருந்தா ரெண்டு பேரும் கதைச்சிருப்பினம், எல்லாம் வெளிய வந்திருக்கும். அதோட, ஞாயிறு பின்னேரத்தில இவர் என்னோட கதைக்கத் தொடங்கியிருந்தவர். சாரங்கனும் போனில நெடுக என்னோடதான் கதைச்சான். அப்பா என்ன சொன்னவர், என்னைக் கேட்டவரோ எண்டு. வரட்டோ எண்டும் கேட்டவன், அப்பா இன்னும் ஆறேல்லை எண்டன். ரெண்டு பேருக்கும் நான் தேவைப்பட்டன். வீடும் அமைதியா இருந்துது.

கடைசியா இவர் என்னட்டைச் சொன்னது, "கொள்ளியை ராகுலன் வைக்கட்டும். சாரங்கனுக்குச் சொல்லிக் கரைச்சல் குடுக்காதையும்." சொன்னபடிதான் செய்தனான். கனத்தைச் சுடலையில எரிச்சு முடிஞ்ச பிறகுதான் சாரங்கனுக்கு அறிவிச்சது.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தான். சாப்பாட்டுப் பந்தியில இன்ஸாப்பும் அவனும் பக்கத்தில பக்கத்தில இருந்தவை. "அங்கிள் உங்கட கோலைப் பாத்துப் பாத்தே இருந்தவர். நான் வந்து பாத்த, எல்லாம் தொறந்துதான் இருந்த" எண்டு இன்ஸாப் சொல்லுறார். "நான் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தனான்" எண்டு இவன் சொல்லுறான். நான் பாயாசம் கொண்டு போனன். ரெண்டு பேரும் என்னை நிமிந்து பாத்தினம்.

போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடுறதுதானே எங்கட வழமை. சாரங்கன் படலையடியில நிண்டு "போறன்" எண்டான்.

என்ர போனுக்கு இப்ப அவன் எடுக்கிறேல்லை. பெரிய ஸ்கிரீனில முகம் பாத்துக் கதைக்க விருப்பமாக்கும். அதனால ஞாயிறு பின்னேரம் துணியை எடுத்து மடிச்சு வைச்சிட்டு முன்னால இருப்பன். நல்ல சீலைதான் கட்டுறது. பச்சையாத்தான் இருக்கு. கோல் வரேல்லை. போன கிழமை இன்ஸாப்பைக் கூப்பிட்டனான். ராகுலன் கேட்டபடியாத்தான் வந்தவர் போல. தேத்தண்ணி வேண்டாமெண்டிட்டார்.

"எல்லாம் தொறந்துதான் ஈக்கி ஆன்ட்டி. லைன்ல ஒரு பிழையும் இல்ல."

நல்ல மனுசன். ஆனா உந்தப் பயர்வோல் தெரிஞ்ச ஆளையும் சத்தமில்லாம வெளிய நிப்பாட்டும் எண்டு எனக்குத் தெரியாதோ. பம்பலப்பிட்டியில இதைவிட நல்லாப் பாக்கிற ஒருத்தர் இருக்கிறாராம். ஞாயிறுக்கு முதல் வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்.