ராக்கெட்டு முழுங்கின நிச்சய மோதிரம்

அட, பயப்படாதீங்கண்ணே, கடிக்காது. செருப்பை மட்டும் கழட்டி மேல சன்னல்ல வச்சிருங்க. வாசல்ல விட்டீகன்னா ராசிங்காபுரத்துக்கு ஒத்தைச் செருப்போடதேன் போகணும். ஆமா, இதுதேன் எங்க நாயி ராக்கெட்டு.

உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு குரங்கணிக்கு ஏலக்கா லோடு ஏத்தப் போயிட்டாரு. அதேன் நானே பேசுறேன்.

இது முழுங்காத சாமானே கிடையாதுண்ணே. சாக்ஸு, பேஸ்ட்டு மூடி, டிவி ரிமோட்டுல பாதி. அவரு கீழ்ப்பல் செட்டைக்கூட விடல. அன்னிக்குன்னு பாத்து வாய்க்கால் தகராறுக்குப் பேச்சுவார்த்தை. பல்லு இல்லாம இவரு கத்துன கத்துல ஒரு வார்த்தை வெளங்கல. எதிராளிக எதுக்கும் இருக்கட்டும்னு சரி சரின்னுட்டாக. தகராறே முடிஞ்சுபோச்சு! சிரிங்கண்ணே, நாங்களும் சிரிச்சோம்.

வர்றேன், மோதிரத்துக்குத்தேன் வர்றேன். நிச்சயத்தன்னிக்கு எம்மக சிவரஞ்சனிக்கு நீங்க போட்ட மோதிரம் இது வயித்துக்குள்ள போயிருச்சுன்னதும், தூக்கிக்கிட்டுப் போடி டவுனு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில பாத்தா ஒரு சட்டைப் பட்டனு, ஒரு பேனா மூடி, நடுவுல மோதிரம் ஜம்முன்னு உக்காந்திருக்கு. ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு ஆளு எட்டிப் பாத்துட்டு, நல்ல வேலைப்பாடுக்கா, எந்தக் கடையில எடுத்தீகங்கிறான்!

அறுக்க வேணாம், தானா வெளிய வந்துரும், கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திப் பாத்துக்கங்கன்னுட்டாரு டாக்டரு. அப்புறமென்ன, எங்க சிலமலை ஊரு பூராவும் வேடிக்கை. ராக்கெட்டு முன்னாடி போகுது, இவரு குச்சியை வச்சுக்கிட்டு மந்திரிக்குப் பின்னாடி போற மாதிரி போறாரு. அது ஒக்காந்தா இவரும் குத்தவைக்கிறாரு. அதுக்கு வெக்கமாப் போயி எந்திரிச்சு ஓடிருது. பாவம், வாயில்லா ஜீவன், எம்புட்டு நேரந்தேன் அடக்கும்?

கிடைச்சிருச்சுண்ணே, கிடைச்சிருச்சு. இந்தாங்க. பூந்திக்கொட்டை, மஞ்சத்தண்ணி எல்லாம் ஊத்தி வெளக்கியாச்சு. மோந்து வேணாப் பாருங்க. சரி, வேணாம்.

இல்லண்ணே, அவளைக் கூப்பிடல. அவ கையில போட வேணாம். நீங்களே வச்சுக்கங்க.

கோவப்படாம கேளுங்க. நிச்சயம் முடிஞ்சதுல இருந்து உங்க மகன் பிரதீப்பு போனை வைக்கிறதே இல்லண்ணே. எங்க இருக்க, கூட யாரு, கேமராவைச் சுத்திக் காட்டுன்னு ஒரே நச்சரிப்பு. இவ ஜவுளிக்கடையில நின்னு சேலையை விரிச்சுக் காட்டுவாளா, அவருக்குப் படம் எடுத்து அனுப்புவாளா? பஸ்சுல பக்கத்துச் சீட்டைக் காட்டச் சொன்னாராம். கண்டக்டரு நின்னதுக்கு ஒரு சண்டை. புள்ள எலும்பாப் போயிட்டா. அவுக அப்பாகிட்டச் சொல்லி அழுதா, கல்யாணமானா எல்லாம் சரியாப் போயிரும்னுட்டாரு. இப்ப வந்து குதிப்பாரு. குதிக்கட்டும்.

யாரு, ராக்கெட்டா? அது எங்கண்ணே போயி எடுத்துச்சு? மோதிரம் அவ வெரல்லதான இருந்துச்சு. அவளேதேன் கழட்டி, ஆட்டு ஈரலுக்குள்ள சொருகி ஊட்டிவிட்டா.

நானா? பாத்துக்கிட்டுத்தேன் இருந்தேன். ஈரலு சின்னதா இருந்தா வெளிய தெரியுமேன்னு பெருந்துண்டா வெட்டிக் குடுத்ததே நாந்தேண்ணே.