ஒன்பதாவது வாரப் பாடம்

துப்பாக்கி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள், மேடம். இரண்டை எடுத்து வைக்கச் சொல்வார்கள், மாற்றி மாற்றிக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள், என் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்டுக்கொண்டு, முதலில் நினைத்ததையே வாங்கிப் போவார்கள். முப்பத்தொரு வருடமாக அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். நான் சொல்லி மனதை மாற்றிக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோரின் ஹாஸ்கெல் அவர்களில் ஒருத்தி.

வருகிற வெள்ளிக்கிழமை அவள் நீதிபதி முன்னால் நின்று, சொந்தத் தங்கையைச் சுட்டுக் கொன்றேன், தப்பு முழுக்க என்னுடையது என்று ஒப்புக்கொள்ளப் போகிறாள். எட்டு வருடம் கிடைக்கும் என்று அவளுடைய வக்கீல் சொன்னார். ஒப்புக்கொண்டபின் பேசிப் பயனில்லை. அதனால் இன்றைக்கு வந்தேன். இரண்டு வாரம் முன்பு நீங்கள் விசாரணைக்காகக் கடைக்கு வந்து கேட்டபோது நான் சொன்னதில் பாதி பொய். இந்த முறை வரிசையாகச் சொல்கிறேன். இடையில் எதையாவது விழுங்கப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள்.

அவள் டிசம்பர் முதல் சனிக்கிழமை வந்தாள். கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். கணவர் இறந்து இரண்டு வருடம். ஓடைக்கரையில் கடைசி வீடு, பக்கத்து வீட்டுக்கு அரை மைல். "வீட்டுக்கும் ஒரு தைரியமா இருக்கணும், ரேஞ்சுக்கு வந்து சுட்டாலும் கை வலிக்கக் கூடாது. ரெண்டுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு வாங்கி வைக்க நான் என்ன கொள்ளைக்காரியா?" என்றாள். நான் சிரித்தேன். கடையில் நான் சிரிப்பது அபூர்வம்.

இரண்டை எடுத்து வைத்தேன். ஒரே கம்பெனி, ஒரே ஒன்பது மில்லிமீட்டர், ஒரே நீளம், ஒரே கறுப்பு. எடையில்கூட ஒரு சாவிக்கொத்து அளவுக்குத்தான் வித்தியாசம். ஒன்றில் கட்டைவிரல் படுகிற இடத்தில் சேஃப்டிக் குமிழ் உண்டு, அதைக் கீழே தள்ளினால்தான் சுடும். மற்றதில் அது கிடையாது. விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான்.

குமிழ் உள்ளதைக் கையில் எடுத்ததுமே அவளுடைய கட்டைவிரல் தானாகப் போய் அதைக் கீழே தள்ளியது, மறுபடி மேலே ஏற்றியது. கணவருடைய துப்பாக்கியும் அதே வகையாம், பீர் டப்பாக்களை அடுக்கிவைத்துச் சுடுவார்களாம். அவளுக்கு எது சரி என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருக்கலாம். அதற்குமேல் அவள் எங்கள் கடைக்கு வரவேண்டிய தேவையே இருந்திருக்காது.

"பயத்துல கட்டைவிரல் மறந்துபோயிடுங்க. குமிழ் இல்லாததுதான் நல்லது. ஆனா அதுக்குப் பழக்கம் வேணும். பத்து சனிக்கிழமை வாங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றேன்.

பக்கத்தில் தோட்டா அடுக்கிக்கொண்டிருந்த கடைப் பையன் பாய்ட், அவள் போனதும் என்னிடம் வந்தான். "அந்தம்மா கைக்கு மத்ததுதானய்யா சரி. எதுக்கு இதத் தலையில கட்டுனீங்க?" என்றான். உன் வேலையைப் பார் என்றேன். அடுத்த சனிக்கிழமை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டு வந்திருக்கீங்க. எந்தச் சர்ச்சுல கல்யாணம்?" என்றான். எனக்கு வயது ஐம்பத்தெட்டு, மேடம். காது சிவந்துபோனது. அது உண்மை என்பதால்தான் சிவந்தது.

எங்கள் பாடத்திட்டம் பத்து வாரம் இல்லை, நான்கு. இரண்டாவது வாரம் படங்களைக் கொண்டுவருவோம். அட்டையில் ஆளுயரப் படங்கள். ஒருவன் கையில் துப்பாக்கி இருக்கும், ஒருத்தி கையில் பால் டப்பா இருக்கும், ஒருவன் கையில் வெறும் போன் இருக்கும். படம் சட்டென்று திரும்பும். யார் என்று பார்க்கவேண்டும், "யாரது" என்று கத்தவேண்டும், அதற்குப் பிறகுதான் விரல் விசைக்குப் போகவேண்டும். கோரினுக்கு அந்த விதி வாய்ப்பாடமாகத் தெரியும். எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் வாய்க்குத் தெரிந்தது கைக்குத் தெரியாது. கைக்குப் பழக்கித்தான் வரும்.

நான்கு வாரப் பாடத்தைப் பத்தாக இழுக்கவேண்டுமானால் எதையாவது தள்ளிவைக்கவேண்டும். படங்களை ஒன்பதாவது வாரத்துக்குத் தள்ளினேன். அது நல்ல பாடம், அவளுக்குப் பிடிக்கும், கடைசியில் வரட்டும் என்று வைத்தேன். அதுவரை வெற்று அட்டை. திரும்பும், சுடுவாள். திரும்பும், சுடுவாள். ஏழு வாரத்தில் அவளுடைய வேகம் பாய்டையே வாய்பிளக்க வைத்தது.

ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை அவள் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது பனியில் காலடித் தடம் பார்த்திருக்கிறாள். ஓடைப் பக்கமிருந்து வந்து, சமையலறை ஜன்னல் வரை போய், அங்கே கொஞ்சநேரம் நின்று, திரும்பிப் போயிருக்கிறது. "சர்வே எடுக்கிறவன்னா முன்பக்கமால்ல வருவான்? இவன் எதுக்கு ஜன்னல் கிட்ட நிக்கணும், ஆர்வல்?" என்றாள். பேசும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அடுத்த வாரமும் தடம். அதற்கடுத்த வாரமும். இந்த இரண்டு முறையும் பெரிய பூட்ஸ். அவள் காமிரா வைக்கவா என்று கேட்டாள். இந்தக் குளிரில் அதெல்லாம் செத்துப்போகும் என்றேன். தங்கையிடம் சொல்லவா என்றாள். "சொன்னா ஜெனெல் உங்களக் கையோட டென்வருக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. வீட்டப் பூட்டிட்டு எத்தன நாள் இருப்பீங்க?" என்றேன். ஷெரீஃபிடம் போகவா என்றதற்கு, தடத்தை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள், பனி உருகினால் அதுவும் போச்சு என்றேன். எல்லாம் நியாயமான பதில்கள்தான். அவளும் தலையாட்டினாள். "எனக்கு உங்களத் தவிர யாரு இருக்கா?" என்றாள்.

எங்கள் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. கோரினுக்கு வேலை நாள்.

முதல்முறை நான் கெட்ட எண்ணத்தில் போகவில்லை. பின்கதவுப் பூட்டு உறுதியானதா என்று பார்க்கத்தான் போனேன். பார்த்தேன், உறுதியாகத்தான் இருந்தது. பிறகு ஜன்னல் வழியாக அவளுடைய மேசையையும் அதன்மேல் கவிழ்த்து வைத்த காபிக் கோப்பையையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சனிக்கிழமை அவள் பயந்து வந்தபோது, அது நான்தான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், அல்லது கோபித்திருப்பாள். ஆனால் என் கையைப் பிடித்திருந்தாளே. சொல்ல வாய் வரவில்லை. அடுத்த புதன்கிழமை சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் என் காலுக்கு நான்கு அளவு பெரிய பூட்ஸ் எடுத்தேன். இரண்டு ஜோடி காலுறை போட்டால் நடக்கமுடிந்தது. அந்த பூட்ஸ் இப்போது வெளியே என் வண்டியில் இருக்கிறது. உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன்.

சொல்லும்போதே கூசுகிறது, மேடம். நாற்பது வயதுப் பெண்களுக்கெல்லாம் வீட்டைக் காப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவன் நான். வேலியே பயிரை மேய்ந்த கதை. அவள் அழுத சனிக்கிழமைகளில்தான் நான் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் என் முகத்தை நானே பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி முதல் வாரம் ஜெனெல் கடைக்குப் போன் செய்தாள். கலகலப்பான குரல். "எங்கக்கா வாயத் தொறந்தா ஆர்வல் ஆர்வல்னுதான் வருது. அவளுக்கு சனிக்கிழமை அம்பது முடியுது. திடீர்னு விருந்து வச்சு அசத்தப் போறோம். ஒரு உதவி செய்யணுமே. ரெண்டு மணி வரைக்கும் அவள அங்கேயே புடிச்சு வச்சிருங்க. அப்பறம் நீங்களும் பின்னாடியே வந்துருங்க. ஐஸ்கிரீம் உங்க பொறுப்பு" என்றாள். வண்டிகளைச் சர்ச்சில் நிறுத்திவிட்டு, முன்பக்கப் பனி கலையாமல், ஓடைப் பக்கமாக நடந்து பின்கதவு வழியே உள்ளே போகப் போகிறார்களாம். பதினொரு பேர். திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒளிந்திருப்பார்களாம்.

நான் தடம் பதித்து வந்த அதே ஓடைப் பக்கம். அப்படிச் செய்யாதே அம்மா, உன் அக்கா ஒரு மாதமாக நடுங்கிக்கொண்டிருக்கிறாள், கைப்பையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி வைத்திருக்கிறாள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் நடுங்குகிறாள் என்று கேட்பாள். தடம் என்றால், யாருடைய தடம் என்று கேட்பாள். டென்வர்க்காரி, ஒரே நாளில் நான்கு காமிரா மாட்டிவிட்டுப் போயிருப்பாள். "நல்ல யோசனைங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அது எட்டாவது வாரம். ஒரு மணி நேரம் அதிகம் கிடைத்ததால் அட்டையை இன்னும் வேகமாகத் திருப்பவைத்தேன். "இன்னிக்கு என்ன இப்படி வேல வாங்கறீங்க, கெழவி ஆயிட்டேன்னு தண்டனையா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறந்தநாளை நான் மறந்துவிட்டதாக நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

இரண்டு மணிக்குக் கிளம்பினாள். ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவளுடைய வீட்டுத் திருப்பத்துக்கு முன்னால், மேட்டில் வண்டியை நிறுத்தினேன். அங்கிருந்து எல்லாம் தெரியும். அவள் இறங்கினாள், நான் பழக்கியபடி வீட்டின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அப்புறம் என் போன் அடித்தது.

அந்த நாற்பது வினாடி அழைப்பைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். பயிற்சிக்கு நன்றி சொல்லக் கூப்பிட்டாள் என்று சொன்னேன். அவள் சொன்னது இது: "ஆர்வல், மறுபடியும் வந்திருக்காங்க. இந்தத் தடவ ஒருத்தன் இல்ல, நிறைய பேரு. தடம் பின்கதவுக்குப் போயிருக்கு. திரும்பி வரல. உள்ளதான் இருக்காங்க. நான் என்ன செய்யட்டும்?"

"வண்டியில ஏறி உக்காருங்க" என்று சொல்லியிருக்கலாம். ஹாரனை அடித்திருக்கலாம், என் கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் ஜெனெலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், விருந்தைக் கெடுக்கக் கூடாது. அப்படித்தான் அப்போது நினைத்ததாக உங்களுக்குச் சொல்ல ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது பொய். அவள் உள்ளே போவாள், எல்லோரும் கத்துவார்கள், ஆடிப்போய்விடுவாள், ஐந்து நிமிடத்தில் நான் வாசலில் நிற்பேன், என் தோளில் விழுந்து அழுவாள் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும்.

"பயப்படாதீங்க. நான் சொல்லிக்கொடுத்ததச் செய்யுங்க" என்றேன்.

அவள் செய்தாள். சோபாவுக்குப் பின்னாலிருந்து முதலில் எழுந்தது ஜெனெல். ஒரே குண்டு. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் பட்டிருந்தது. நான் உள்ளே போனபோது மேசையில் கேக் இருந்தது, யாரோ அவசரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாமல் எண்களைத் தப்புத்தப்பாக அழுத்திக்கொண்டிருந்தார்கள். கோரின் தரையில் உட்கார்ந்து, தங்கையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கட்டைவிரல் கீழ போச்சு, ஆர்வல். அங்க ஒண்ணுமே இல்ல. அதுக்குள்ள வெடிச்சிருச்சு" என்றாள். பழைய பழக்கத்தில் குமிழைத் தேடியிருக்கிறாள். குமிழ் இருந்திருந்தால் அதைத் தள்ளுகிற நேரத்துக்குள் முகம் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் அதைத் தினமும் கணக்குப் பார்க்கிறேன். ஒரு நாள் தெரிந்திருக்கும் என்று வரும், ஒரு நாள் தெரிந்திருக்காது என்று வரும்.

மேடம், உங்கள் ஆட்கள் வந்தபோது பனியில் விருந்தாளிகளின் தடம் மட்டும்தான் இருந்தது. பழையவை எப்போதோ மூடிப்போயிருந்தன. யாரோ சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "நல்ல பெண்தான், கொஞ்சம் கற்பனை அதிகம்" என்றேன். அதை நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். பேனா ஓடும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளோ, என்னைப் போனில் கூப்பிட்டு என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்று இதுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வக்கீலிடம்கூட. "உங்களுக்கு எதுக்குங்க கெட்ட பேரு? நீங்க நல்லதுதான் சொல்லிக் குடுத்தீங்க, எனக்குத்தான் வரல" என்று போன வாரம் சிறையில் என்னிடமே சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

ஆக, தடம் என்னுடையது. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது நான். பாடத்தைத் தள்ளிவைத்தது நான். விருந்து தெரிந்தும், தடம் தெரிந்தும், அவளை உள்ளே போகச் சொன்னது நான். ஜெனெலைக் கொன்றது நான்தான், மேடம். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். எந்தத் தண்டனை கொடுத்தாலும் மறுபேச்சு பேசமாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வழக்கு வெள்ளிக்கிழமைதான் வருகிறது. இந்தத் தாளை வியாழக்கிழமை மாலை வரை உங்கள் மேசையிலேயே வைத்திருக்க முடியுமா? சிறையில் வியாழன் பதினோரு மணிக்குப் பார்வை நேரம். அவள் தலை வாரிக்கொண்டு காத்திருப்பாள். அவளைப் பார்க்க வேறு யாரும் வருவதில்லை.