மூடி வைத்த மரவள்ளிப் பானை

ஆமியின் ஹெலிகொப்டர் வருகிறது. முதலில் சத்தம்தான். டக டக டக. வடக்கிலிருந்து. பனங்காட்டுக்குள் எங்கள் அடுப்பு எரிகிறது. புகை நேராக மேலே போகிறது.

"புகை தெரியுது! அணையுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்துவது என் கணவர் யோகன். இரண்டு கையாலும் மணலை அள்ளி அடுப்பில் கொட்டுகிறேன். ஆவியும் தெரியக் கூடாது. பானையை மூடுகிறேன். பால்குடிப் பிள்ளையை அணைத்தபடி மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறேன்.

1990. ஆவணி மாதம். மன்னார்ப் பக்கம். ஊரைவிட்டு ஓடி வந்த மூன்றாம் நாள். படகுக்குக் காத்திருந்தோம். அரிசி முடிந்துவிட்டது. பானைக்குள் இருந்தது மரவள்ளிக்கிழங்கு. யாரோ விட்டுப்போன தோட்டத்தின் வேலியோரம் பிடுங்கியது. காட்டுப்பன்றிகூடத் தோண்டாத கைப்பு இனம்.

மரவள்ளியைத் திறந்து வைத்துத்தான் அவிக்க வேண்டும். நஞ்சு ஆவியோடு போக வேண்டும். எங்கள் ஊரில் அடுப்படிக்குப் போகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் மூடினேன்.

ஹெலி மூன்று முறை சுற்றியது. சுடவில்லை. போய்விட்டது.

மறுபடி அடுப்பு மூட்டப் பயம். கிழங்கை விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளியே வெந்திருந்தது. எட்டு வயது மகள் சுமதி முதல் நாள் காலையிலிருந்து பட்டினி. "அம்மா, வெந்தது காணும், இவ்வளவு போதும், தாங்கோ" என்றாள். கொடுத்தேன். அவளுக்குப் பெரிய துண்டு. மற்றது அவருக்கு. நான் எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள். அன்று கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் சுமதி வாந்தி எடுத்தாள். தலை சுற்றுகிறது என்றாள். பிறகு அவர். பக்கத்துக் குடும்பத்துப் பெண் புளி கரைத்துக் கொடுத்தாள். "இஞ்சி குடுக்காதேங்கோ! மரவள்ளிக்கு இஞ்சி ஆகாது!" என்று இன்னொருத்தி கத்தினாள். அந்தக் காட்டில் இஞ்சிக்கு நான் எங்கே போவேன்?

பொழுது சாயும் முன்பே சுமதி போய்விட்டாள். பின்னாலேயே அவரும். ஓலைப்பாயில் சுற்றினோம். பனைநார்க் கயிற்றால் கட்டினோம். மணலில் புதைத்தோம். சாப்பாடு, மருந்து, கயிறு. அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் மரமும் செடியும் தந்ததுதான். எதுவும் காப்பாற்றவில்லை.

பிறகு பால்குடிப் பிள்ளையோடு படகு. மண்டபம் முகாம். அங்கிருந்து பஸ். செங்கல்பட்டைத் தாண்டி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு முகாம். மேசைக்கு முன்னால் வரிசை. பெயர் பதிகிறவர் தலை நிமிரவில்லை.

"வூட்டுக்காரரு எப்டிமா செத்தாரு? ஷெல்லா? சுட்டாங்களா?"

"மரவள்ளிக்கிழங்கு, ஐயா."

நிமிர்ந்தார். "இன்னாது?"

சொன்னேன். ஹெலி. புகை. மூடி. பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு 'உடல்நலக் குறைவு' என்று எழுதினார். மகளுக்கும் அதையே எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றும் வருகிறது.

2006. போரில் இறந்தவர்களின் பட்டியல் எடுக்க ஒரு குழு முகாமுக்கு வருகிறது. படிவத்தில் நான்கு கட்டங்கள். ஷெல். துப்பாக்கிச் சூடு. கடலில் மூழ்கியது. பிற. எழுத வந்த இளம்பெண் 'பிற' என்பதில் குறி போடுகிறாள்.

"இதுலதாம்மா வரும். நான் இன்னா பண்றது?"

"ஹெலி வராட்டி நான் பானையை மூடியிருப்பனோ, பிள்ளை?"

படிவத்தின் நகலைக் கையில் கொடுத்தாள்.

அதே கோபத்தோடு மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே சரசா தள்ளுவண்டியில் மரவள்ளி அவித்து விற்கிறாள். குண்டானின் மூடியைத் தூக்கினேன். எனக்கும் அவளுக்கும் இது வழக்கமான சண்டை.

"இன்னாக்கா, மறுபடியும் தொறந்துட்டியா? ஆவி போனா எப்டி வேவும்? ஆளுங்க நின்னுகினு கீறாங்க பாரு!"

"திறந்து அவி, பிள்ளை. நஞ்சு போகட்டும்."

"பத்து வருசமா வித்துகினு கீறேன். எவனாச்சும் செத்தானா?"

சாகவில்லை. ஒருவரும். இங்கே விற்பது நஞ்சு குறைந்த இனிப்புக் கிழங்கு. மூடி அவித்தாலும் ஒன்றும் ஆகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திறக்கிறேன். அவளும் என்னைத் திட்டிக்கொண்டே, நான் போகும்வரை திறந்தே வைக்கிறாள்.

வீட்டுக்கு வந்து படிவத்தின் நகலை எடுத்தேன். நான்கு கட்டத்துக்குக் கீழே ஐந்தாவதாக ஒன்றை நானே வரைந்தேன். அதில் எழுதியது இது.

யோகன், வயது முப்பத்து நான்கு. சுமதி, வயது எட்டு. ஓலைப்பாய் இரண்டு. பனைநார்க் கயிறு ஒன்று. மண்பானை ஒன்று, மூடியோடு.

ஹெலி ஒரு வெடிகூடத் தீர்க்கவில்லை. போரில் செத்தது இரண்டு பேர்.