கொல்லையில் போட்ட கட்டில்

இரு, இரு. இப்பதான இழுத்தாந்து போட்டேன், அதுக்குள்ள உள்ள போவணும்னா எப்டி? வெளிச்சம் எவ்ளோ இருக்குது பாரு. மல மேல வெயிலு மஞ்சளா அப்டியே நிக்குது. நாள் முச்சூடும் அந்த ரூம்புல வேர்த்து ஊத்திக்கினு கெடக்கற. செத்த காத்தாட படு.

கைய ஆட்டாத. ஒரு கைதான் மிச்சம் வெச்சிட்டு போயிருக்குது. அதயும் ஆட்டி ஆட்டி சுளுக்கிக்கினன்னா தைலம் தேய்க்க நான்தான் வரணும். இன்னா, கரடியா? அதான் கூண்டு வெச்சி புடிச்சி லாரில ஏத்திக்கினு போய்ட்டாங்களே. ஊரே கை தட்டிச்சே. அப்பறமும் இன்னா பயம்?

இன்னாத்துக்கு மொறைக்கற? நீ வா போன்னு பேசறனே, அதுக்கா? ஆமா, பேசறேன். கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து வாங்க, சாப்ட்டீங்களா, படுங்கன்னு எத்தினி ங்க போட்டிருப்பேன். ஒரு நாளு வாய் தவறி, இன்னா சொல்றன்னு கேட்டதுக்கு செவுள்ல வெச்சியே, ஒரு வாரம் காது கொய்யினு கெடந்துச்சி. இப்ப வையி பாப்போம். வாணாம், ஒரு வார்த்த திட்டேன். தாட இல்லாம எங்க திட்றது.

எச்சி ஒழுவுது, இரு தொடைக்கிறேன். துணி பழசுதான், ஆனா தொவச்சது. ஒன்ன சுத்தமாத்தான் வெச்சிருக்கேன், அதுல கொற சொல்ல முடியாது. வவுத்துக் குழாய்ல வேளா வேளைக்கு கஞ்சித்தண்ணி போவுது. பீ மூத்தரம் வாரறேன். பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா இன்னா சொன்னாங்க, இந்தாளு பொழச்சதே இவளாலதான்னு சொன்னாங்களா இல்லியா? பாதரு பூசையில எம்பேரச் சொல்லி, மார்கரெட்ட பாத்து கத்துக்குங்கன்னாரு. நான் முக்காட்ட இழுத்து வுட்டுக்கினு தலைய குனிஞ்சிக்கினேன். அழுவறன்னு நெனச்சிருப்பாங்க.

தோ, யாரோ வராங்க. ஆயம்மாக்காதான், மாடு ஓட்டிக்கினு போவுது. எக்கா, மேய்ச்சல் முடிஞ்சிதா? ஆமாக்கா, தெனம் இந்நேரத்துக்கு வெளிய போட்ருவேன். உள்ளயே கெடந்தா முதுவுல புண்ணு வந்துருமாம். இன்னாக்கா? கையா? அதுவா, கைய பின்னால பின்னால கொண்டு போறாரா, முதுவு வலிக்குதாம்க்கா. படுத்தே கெடக்குறாருல்ல. ஆமாக்கா, அது தொல்ல வுட்டுச்சி, இனிமே பொம்பளைங்க நிம்மதியா கொல்லப் பக்கம் வரலாம். சரிக்கா, இன்னும் செத்த நேரத்துல உள்ள இழுத்துக்கினு போய்டுவேன். பாத்து போங்க.

கேட்டியா? மவராசின்னு சொல்லிட்டு போவுது. நீ அந்த அக்காவ பாத்து ஊஊன்னு அழுதியே, அதுக்கு இன்னா புரிஞ்சிருக்கும்? பாவம், நல்லா வாழ்ந்த மனுசன், பொண்டாட்டி பாசத்துல கலங்கறாருன்னு நெனச்சிக்கினு போவுது.

அதுக்கு இன்னா தெரியும். அவங்க வூட்டுப் பின்னால டிரம்மு இல்லியே.

கரடி இந்தப் பக்கம் எந்தக் காலத்துல வந்துச்சி சொல்லு. மலைல அது பாட்டுக்கு கரையான் புத்த நோண்டிக்கினு, பழத்த தின்னுக்கினு கெடந்துச்சி. போலீசு மல ஏறி ஏறி சாராய ஊறல கொட்றாங்க, மேல டிரோனு வுட்டு பாக்கறாங்கன்னு நீதான டிரம்ம கொண்டாந்து இங்க பொதச்ச. இந்தப் பலா மரத்தடியில. வூட்டுப் பின்னால எவன் வந்து பாக்கப் போறான்ன. வெல்லத்தயும் வேலம்பட்டையும் போட்டு ஊற வெச்சா, அது புளிச்சி பொங்கற வாசன மல வரைக்கும் போவாதா? நீ போலீசுக்கு மட்டும்தான் ரோசன பண்ண. மூக்கு இருக்கற ஜீவன் வேற எதுவும் இல்லன்னு நெனச்சிட்ட. இப்ப ஒனக்குத்தான் மூக்கு இல்ல.

மொத மொத அது வந்தப்ப நான் தோ அந்தக் கல்லாண்ட பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன். இதே பொழுது. புஸ்ஸு புஸ்ஸுனு சத்தம், பன்னிதான் வந்துடுச்சின்னு திரும்பிப் பாக்கறேன், டிரம்மு மூடிய தள்ளிட்டு தலைய உள்ள வுட்டு உறிஞ்சிக்கினு இருக்குது. முதுவு மேல குட்டி. ஆத்தா மயிர ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்கினு, கண்ணு மட்டும் தெரியுது. அந்தக் குட்டிதான் என்ன மொதல்ல பாத்துச்சி.

எழுந்து ஓடியாந்தேன். கதவு தாப்பா போட்டிருந்துச்சி. நீ உள்ளதான் இருந்த. சன்னல்ல எனக்கு முன்னாடியே அத பாத்துட்டுத்தான் போட்ட. நான் கதவ இடிச்சா நீ இன்னா சொன்ன? மறந்திருக்காது. கத்தாதடி, கத்தினாதான் அது மேல வரும்ன்ன. அப்பறம் சன்னல் கம்பி வழியா இந்தத் தட்டு இருக்குது பாரு, நெளிஞ்சி போன எவர்சில்வர் தட்டு, இதயும் ஒரு கரண்டியயும் நீட்ன. போய் தட்டு, ஊறல குடிச்சித் தீத்துடப் போவுது, தட்டினா போயிரும்ன்ன.

தட்டினேன். வேற எங்க போறது? தட்ட தட்ட அது ரெண்டு காலு மேல எழுந்து நின்னுச்சி. நெஞ்சுல வெள்ளையா ஒரு வளைவு, நகம் ஒண்ணொண்ணும் கருக்கருவா மாதிரி. குட்டி சரிஞ்சி கழுத்தாண்ட தொங்குது. எனக்கு காலோட மூத்தரம் போயிடுச்சி. அப்பறம் அதுவா இன்னா நெனச்சிதோ, எறங்கி வேலி தாண்டி போயிடுச்சி. நீ கதவ தொறந்துக்கினு வந்து டிரம்மதான் எட்டிப் பாத்த. என்ன திரும்பிக்கூட பாக்கல.

அதோட வுட்டியா? தட்டினா போவுதேன்னு கண்டுபுடிச்சிட்ட இல்ல, பொழுது சாஞ்சா போதும், தட்ட கையில குடுத்து வெளிய தள்ளி தாப்பா போட்டுக்குவ. நாயி ஒண்ணு வாங்கி கட்டலாமேன்னேன். நீ இருக்கறப்ப நாயி எதுக்குன்ன. டீக்கடைல வேற சொல்லி சிரிச்சியாம், எம்பொண்டாட்டி மூஞ்ச பாத்துட்டு கரடியே கும்புட்டுட்டு போவுதுடான்னு. கடத்தெருவுல நான் நடந்து போனா பசங்க தட்டு தட்டற மாதிரி கையால காட்டுவானுங்க.

கொசுவா? இரு, விசிறி வுடறேன். மொகத்துல இந்தத் தையலு மேல ஒக்காந்தா ஒனக்கு ஓட்டக்கூட முடியாது.

அப்ப எனக்கு நாலு மாசம். ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் தள்ளின. அன்னிக்கி ஊறலு கம்மியா இருந்துச்சோ, குட்டி கீழ எறங்கிடுச்சோ, தட்டின தட்டுக்கு அது போவல. தொரத்திக்கினு வந்துச்சி. மாட்டுக் கொட்டாயில பூந்து தண்ணித் தொட்டில வவுறு இடிக்க வுழுந்தேன். வுழுந்து கெடந்துக்கினு கதவு, கதவுன்னுதான் கத்தினேன். நீ தொறக்கல. ஆஸ்பத்திரில எல்லாம் கலைஞ்சி போச்சின்னு சொல்லிட்டாங்க. வூட்டுக்கு கூட்டியாந்து போட்டப்பறம் ஒங்க அண்ணன்கிட்ட போன்ல பேசின. நான் தூங்கறன்னு நெனச்சிக்கின. கொழந்தையா, அத கரடி தின்னுட்டுதுண்ணேன்னு சொல்லிட்டு சிரிச்ச.

அந்த சிரிப்புலதான் ஒன்ன நான் வெறுத்தேன். அதுக்கு முன்னால அடி ஒதையெல்லாம் வாங்கிக்கினு இருந்தேனே, அது வெறுப்பு இல்ல, பயம். வெறுப்பு எப்டி இருக்கும்ன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சிது. ரொம்ப அமைதியா இருந்துச்சி.

கரடி மேல எனக்குக் கோவமே வர்ல. அது அதோட குட்டிக்குத்தான தொரத்துச்சி. நீ யாருக்கு தாப்பா போட்ட?

ஒன்னய அது கிழிச்ச அன்னிக்கி நான் போவச் சொல்லல. காலங்காத்தால நீயாத்தான் போன, ஊறலு பதமாச்சான்னு நக்கிப் பாக்க. நேத்து போத இன்னும் எறங்கல. அது டிரம்முக்கு அந்தாண்ட ஒக்காந்து இருந்தது ஒங்கண்ணுக்குத் தெரியல. நீ கத்தினதும் நான் அடுப்பாண்ட இருந்தேன். தாப்பா எங்கைக்கு எட்ற தூரம்தான். போட்ருக்கலாம். மாதா மேல சத்தியமா போடல. எரியற கட்டய தூக்கிக்கினு ஓடியாந்து நான்தான் அத முடுக்கினேன். ஏன் ஓடியாந்தேன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. பழக்கம்தான் போல. கரடி முடுக்கி முடுக்கியே பழகினவ இல்லியா.

நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப போலீசு வந்து டிரம்ம ஒடச்சி கொட்டிட்டாங்க. கொல்ல முழுக்க ஊறி இந்த மண்ணே இனிக்குது போல, எறும்பு மொய்ச்சிக்கினே இருக்குது பாரு. ஒங்கட்டிலு காலாண்ட கூட.

சும்மா கைய முதுவுக்கு கொண்டு போவாத. எனக்கு மட்டும் புரியாமலா இருக்குது? அன்னிக்கே புரிஞ்சிது.

ஒன்ன வூட்டுக்கு கொண்டாந்த அன்னிக்கித்தான கூண்டுல மாட்டிச்சி. பலாப்பழமும் வெல்லமும் வெச்சி, தழைய மூடி, நல்லாத்தான் வேல பாத்தாங்க. ஊரே செல்போன தூக்கிக்கினு நிக்குது. பாரஸ்டரு இளஞ்செழியன் சாரு ஒன்ன கட்டிலோட தூக்கியாரச் சொன்னாரு. கிறிஸ்துதாசு, நல்லா பாத்து சொல்லுப்பா, ஒன்ன கடிச்சது இதுதானான்னாரு. நீ பாத்த. ஒடனே முதுவ தட்டின. கூண்ட காட்டின, கைய விரிச்ச. மறுபடி முதுவ தட்டி, குட்டிய அணைக்கற மாதிரி காட்டி, ஊஊன்னு அழுத. தாட இருந்திருந்தா ஒரு வார்த்த போதும். சாரு என்ன பாத்தாரு. இன்னாம்மா சொல்றாருன்னாரு.

நானும் கூண்ட பாத்தேன். கெடாக் கரடி, பெருசு. முதுவு காலியா இருந்துச்சி.

முதுவு வலிக்குதாம் சார்ன்னேன். பாத்ததும் பயந்துட்டாரு, இதேதானாம்ன்னேன்.

பாவம், அந்த கெடாவத்தான் எங்கியோ தூரக் காட்ல கொண்டு போயி வுட்டாங்களாம். அது ஒரு தப்பும் பண்ணல.

நேத்து காலைல கொல்லய கூட்டறப்ப பாத்தேன். மரத்தடில தடம் இருந்துச்சி. பெருசு ஒண்ணு, பக்கத்துலயே சின்னது ஒண்ணு. குட்டி எறங்கி நடக்குது. வளந்துடுச்சி இல்ல? எங்கொழந்த தங்கியிருந்தா இந்நேரம் நானும் வளையல் போட்டுக்கினு பேறுகாலத்துக்கு மணலூர்பேட்டைக்கி எங்கம்மா வூட்டுக்கு போயிருப்பேன். செத்த நேரம் நின்னு பாத்துக்கினே இருந்தேன். அப்பறம் வெளக்கமாத்தால கூட்டி வுட்டுட்டேன். ஆயம்மாக்கா கண்ணுல பட்டா ஊர கூட்டிடும்.

சரி, அடுப்பு பத்த வெக்கணும். ஒனக்குத்தான் கஞ்சி காய்ச்சணும். கட்டில இழுக்கத் தெம்பு இருக்குது, இல்லன்னு சொல்லல. காய்ச்சி, ஆற வெச்சிட்டு வந்து இழுக்கறேன். கதவா? சாத்தித்தான் வெப்பேன். கொசு உள்ள வருதுல்ல.

கத்தாத. கத்தினாதான் அது மேல வரும். இந்தா, தட்டு ஒந்நெஞ்சு மேல வெச்சிருக்கேன், கரண்டிய கையில புடிச்சிக்கோ. இறுக்கிப் புடி. வந்துச்சின்னா தட்டு. தட்டினா போயிரும், நீதான சொன்ன.