நசுக்காத முள்

மாலை ஐந்து மணி ஐந்து நிமிஷம். தொண்ணூற்று நாலு, அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. ரியாத்திலிருந்து தெற்கே போகிற பழைய ரோடு. பொழுது சாய்ந்தபின் அங்கே லாரிக்காரன்கூட ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்த மாட்டான்.

நெருங்கி உட்காருங்கள். இது பாஹிமாவின் சாச்சாவுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு நடந்தது. பாஹிமா என்னோடு ஹாஸ்டலில் இருந்தவள். சாச்சா பெயர் ஜாபர் சாதிக், கீழக்கரை. ஒரு கம்பெனி மேனேஜருக்கு டிரைவர்.

பின்சீட்டில் அந்த மேனேஜர். கென்ட்ரிக். இங்கிலாந்துக்காரன். மடியில் தூண்டில் கம்பு.

போகிற இடம் ஏரி. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்காதீர்கள். ரியாத் முழுக்கக் குளித்துக் கழுவிய தண்ணீரைச் சுத்தம் பண்ணிப் பாலைவனத்தில் விடுகிறார்கள். அது தேங்கி, நாணல் முளைத்து... எங்கே இறங்கினாலும் இடுப்பளவுதான். நாணலுக்குள் மட்டும் சேறு. சோப்பும் அழுகின முட்டையும் கலந்த வாடை. உள்ளே கை நீளத்துக்குக் கெளுத்திகள்.

கென்ட்ரிக்கின் ஊரில் பைக் என்று ஒரு மீனாம். நம் சீலாவுக்கு வாத்து மூக்கு வைத்த மாதிரி, வாய் முழுக்கப் பல். இலை உதிர்கிற மாதங்களில் ஆழமில்லாத ஏரியில் இறங்கி, இறகும் மயிரும் கட்டின முள்ளைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் சுழற்றி வீசி அதைப் பிடிப்பானாம். பைக் இல்லாத ஊரிலும் அந்தப் பைத்தியம் விடவில்லை. கெளுத்தியாவது கிடைக்கட்டும் என்று அக்டோபர் பிறந்தால் வியாழன்தோறும் இங்கே வந்துவிடுவான்.

இறகு கட்டுகிறவன் ஜாபர். ரியாத்தின் பத்தா கடைத்தெருவில், கோழிக்கடையில் இறகு பொறுக்கி, கறுப்பு ஆட்டுமயிர் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து நூல் சுற்றுவான். கடைசியில் ஒரு வேலை. தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாய்த் திரும்பி ஒரு சின்ன எதிர்முள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். குத்தினதை வெளியே வரவிடாதது அது. அதைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மீனுக்கு வலிக்கக் கூடாதாம். ஏனென்றால் கென்ட்ரிக் பிடித்த மீனைத் தின்ன மாட்டான். முத்தம் கொடுத்து, போட்டோ எடுத்து, தண்ணீரில் விட்டுவிடுவான்.

ரூமில் கூட இருந்த செய்கு அலாவுதீன் சிரித்துச் சிரித்துப் புரண்டான்.

“மாப்ள, கெளுத்திக்கு ரெண்டே நிமிசத்துல எக்சிட் விசா அடிச்சுக் குடுக்குறான். ஒனக்கு மூணு வருசமா மாஃபி, இல்லேங்குறான். நீயும் வாயைத் தொறந்துக்கிட்டுத் தண்ணியில கெடந்து பாரேன்.”

ஜாபர் சிரிக்கவில்லை. எல்லார் பாஸ்போர்ட்டும் கென்ட்ரிக்கின் மேஜை டிராயரில். அவன் கையெழுத்துப் போட்டால்தான் லீவ். ஜாபரின் மகள் மாஹிராவுக்கு இரண்டரை வயசு. அவன் இன்னும் பார்த்ததில்லை. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை. மதுரையில் நவம்பர் இரண்டாம் தேதி ஆபரேஷன். அவன் பெண்டாட்டி பத்ருன்னிசா கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள்.

“காசு பொரட்டி வச்சாச்சு மச்சான். நீங்க ஒரு தடவ வந்து புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டா போதும். நாளைக்கு என்ன ஆவுமோ...”

அதற்குப்பின் குழந்தை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேசட் முடிகிறவரை ஓடியது.

ஜாபர் ஒவ்வொரு வியாழனும் கேட்டான். “சார்... பாஸ்போர்ட், சார்.” கென்ட்ரிக்கும் ஒவ்வொரு வியாழனும் அவன் தோளில் தட்டினான். பெரியது ஒன்று இருக்கிறது ஜாபர், அது மாட்டட்டும், அன்றைக்கே கையெழுத்து. விளையாட்டாகத்தான் சொல்வான். அவனுக்கு அது விளையாட்டு.

இன்னொன்று. மாட்டின மீனை அள்ள ஜாபர் ஒரு கைவலையோடு பக்கத்தில் நிற்க வேண்டும்; அவனுக்கு முன்னால் இதே வலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கௌஸ் முகம்மது. இரண்டு வருஷத்துக்கு முந்தி இதே அக்டோபர். நாணலில் சிக்கின முள்ளை எடுத்து வரச்சொல்லி கென்ட்ரிக் இறக்கிவிட்டதாகக் கேள்வி. அவன் திரும்பவில்லை. ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி எழுதிக்கொடுத்து முடித்துவிட்டது.

“பாஸ்போர்ட்டு டிராயர்ல கெடக்கு. எங்கனடா ஓடுவான்?” என்று அலாவுதீன் ஒரே ஒருமுறை கேட்டான். அப்புறம் அவனும் கேட்கவில்லை. கௌஸின் பை இன்னும் அலமாரி மேலேயே இருந்தது.

சரி. அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். முந்தின ராத்திரி ஜாபர் ஒரு காரியம் பண்ணியிருந்தான். கறுப்பு ஆட்டுமயிர் வைத்து ஒரு சாண் நீளத்துக்குக் கட்டி... எதிர்முள்ளை நசுக்காமல் விட்டுவிட்டான். மாட்டினது தப்பக் கூடாது. கையெழுத்தும் தப்பக் கூடாது.

கென்ட்ரிக் தன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொள்ள, இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். காற்று இல்லை. விஷ்ஷ்... விஷ்ஷ்... தலைக்கு மேலே நூல். நாணல் ஓரத்தில் முள் விழுந்தது. ப்ளக்.

உடனே இழுத்தது.

கென்ட்ரிக் குழந்தை மாதிரி கத்தினான். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. டார்ச், டார்ச் என்று விரட்டினான். ஜாபர் வலையைத் தோளில் மாட்டியபடியே கரைக்கு ஓடினான்.

அங்கிருந்து பார்க்கும்போதுதான் கவனித்தான். மாட்டின மீன் துள்ளும், உதறும். இந்த நூல் உதறவில்லை. கொஞ்சம் நகரும்... நிற்கும். கொஞ்சம் நகரும்... நிற்கும்.

நடக்கிற மாதிரி.

“குட், ஜாபர், குட். அங்கேயே நில்லு. வலையை இன்னும் கீழே...” கென்ட்ரிக் பேசிக்கொண்டிருந்தான். முகம் நூலைப் பார்த்து. பேச்சு மட்டும் இடதுபக்கம்.

ஜாபர் கரையில் நின்றான். வலை ஜாபரின் தோளில் இருந்தது.

கென்ட்ரிக்கின் இடதுபக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் ஒருத்தன் நின்றான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டுகிற சத்தம் கரைக்குக் கேட்டது. குனிந்து, ரொம்பப் பணிவாக, மெல்ல...

“சார்... பாஸ்போர்ட், சார்.”

ஜாபர் கேட்கிற அதே வார்த்தை. அதே குரல்வாகு.

“ஓகே, ஓகே, டுநைட்! சத்தியமாக் கையெழுத்துப் போடறேன்! வலை, மேன், வலை!”

நூல் சட்டென்று தொய்ந்தது. விஷ்ஷ்... தண்ணீரிலிருந்து முள் திரும்பி வந்தது. கென்ட்ரிக் வாயைப் பொத்தினான். கீழுதட்டில் கறுப்பு ஆட்டுமயிர் தாடி மாதிரி தொங்கியது. பிடுங்கினான். வரவில்லை. எப்படி வரும்? நூல் மறுபடி விறைத்தது, நாணல் பக்கமாய். மோவாயை முன்னால் நீட்டிக்கொண்டு அவன் ஒரு அடி வைத்தான். நின்றான். இன்னொரு அடி. கூடவே அந்த இன்னொருத்தனும், கையைப் பிடித்து அழைத்துப்போகிற மாதிரி.

ஜாபர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். டார்ச் கையில் இருந்தது, அதையும் போடவில்லை. கேசட்டில் கேட்ட மூச்சு மட்டும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இதைக் கேட்டுவிட்டு யாராவது ‘பாவம், துரை’ என்று சொல்வதாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம்.

நாணல் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

போலீஸ் நான்கு நாள் துழாவினார்கள். கம்பு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. தவறி விழுந்தான் என்று எழுதி முடித்துவிட்டார்கள். புது மேனேஜர் டிராயரைத் திறந்தார். ஜாபரின் லீவ் பேப்பர் மேலேயே இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் ஜாபர் தன் கண்ணால் பார்த்தபோது அதில் கையெழுத்து இல்லை. இப்போது இருந்தது. கென்ட்ரிக் கையெழுத்துதான். மை கரைந்து, ஈரத்தில் வழிந்து... சோப்பும் அழுகின முட்டையுமாய் ஒரு வாடை.

எல்லார் பாஸ்போர்ட்டும் இருந்தது. கௌஸ் முகம்மதுவினுடையது மட்டும் இல்லை.

அக்டோபர் முப்பத்தொன்று. மெட்ராஸ், மீனம்பாக்கம். கவுண்டரில் இருந்தவர் ஜாபரின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டு, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“உங்க கூட வந்தவர்கிட்ட சொல்லுங்க சார், பாஸ்போர்ட்டை நல்லா வெயில்ல காயப் போடச் சொல்லி. சொதசொதன்னு இருக்கு.”

“என் கூட யாரும் வரலையே.”

“இப்பத்தானே போனாங்க ரெண்டு பேரு...”

ஜாபர் திரும்பிப் பார்த்தான். வெளிவாசலில் யாரும் இல்லை. தரையில் மட்டும் ஈரம். வெறுங்கால் தடம்... வேகமாக, வீட்டுக்குப் போகிறவனுடைய நடை. அதற்கு ஒரு முழம் பின்னால் இரண்டு கோடுகள்.

ரப்பர் பூட்ஸின் நுனி, தரையில் இழுபட்டுக்கொண்டே போன கோடுகள்.