பின்னாலிருந்து வரும் குரல்

– இன்னொரு விமர்சனம் வந்திருக்கு, கேளு. "பத்துப் பாட்டு. முடிந்ததும் ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்ட அலுப்பு." எழுதினவன் கிட்டாரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

– அண்ணே, ஒயரை மிதிச்சுக்கிட்டு நிக்கிற. நகரு, சுருட்டணும்.

– நான் பேசுறது காதுல விழுதா, பாப்பா?

– நம்ம ஆல்பம் வந்ததுலேர்ந்து அதுதானே விழுது.

– பவர் பாப்னா என்னன்னு இவனுக்கு யாராவது சொல்லணும். கிட்டார் அதிரணும், மெட்டு இனிக்கணும், மூணு நிமிஷத்துல கதவைச் சாத்திட்டுப் போயிட்டே இருக்கணும். ஒரே மாதிரி இருக்காம்ல? செங்கல் எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு கட்டடத்தைக் குறை சொல்வானா?

– கேக்கிறவங்க நல்லாத்தானே எழுதியிருக்காங்க.

– என்னத்த நல்லா? "பாத்திரம் கழுவறப்போ கேக்க அருமை." இன்னொருத்தன், முதல் அஞ்சு பட்டாசாம், மிச்சம் நமத்துப் போச்சாம். ஒரு அம்மா, "எங்க வீட்டுக் குட்டி ஆறாவது பாட்டைப் போட்டாத்தான் வாயைத் திறக்குது"ங்கிறாங்க. உயிரைக் கொடுத்து எழுதினேன், சோறு ஊட்டத்தான் உதவுது.

– சோறாவது உள்ள போகுதே.

– கிண்டல் பண்ணு. அஞ்சுக்கு மூணு நட்சத்திரம் கொடுத்திருக்கான் ஒருத்தன். மூணுன்னா என்ன அர்த்தம்? திட்டவும் மனசில்ல, பாராட்டவும் மனசில்ல. அந்தப் பெரிய பத்திரிகைக்காரர் எழுதினதைப் படிக்கவா?

– வேணாம்.

– "முன்னால் பாடுகிறவர் கடிகாரம்போலச் சரியாகப் பாடுகிறார், கடிகாரம்போலவே உயிரில்லாமல். அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வருகிறது. இந்த ஆல்பத்தில் ரத்தம் ஓடுவது அங்கே மட்டும்தான்."

– வேணாம்னு சொன்னேன்ல.

– ஏன், உனக்கு இனிக்கத்தானே செய்யும்? திட்டுறவன்கூட உன்னை மட்டும் விட்டுட்டுத்தான் திட்டுறான். கீழ டயர் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், தங்கச்சி எங்கன்னு கேக்கிறார். அம்மாகூட உன்கிட்டத்தான் போனைக் கொடுக்கச் சொன்னாங்க.

– உன்கிட்டயும் பேசினாங்களே.

– சாப்பிட்டியான்னு கேட்டாங்க.

– சரி விடு. என் பேஸ் கிட்டார் பெட்டியை இப்படித் தள்ளு.

– அப்ப முடிவே பண்ணிட்ட.

– காலையில வண்டி. சொன்னேனே.

– ஒரு பெரிய பாட்டுக்காரி கூப்பிட்டா உடனே ஓடிடணுமா? நம்ம பேண்ட் என்ன ஆகும்? ட்ரம்ஸ்காரன் ஏற்கெனவே ஒரு காலை வெளியே வச்சிருக்கான். நீயும் போயிட்டா நான் யாரை வச்சு மேடை ஏறுவேன்?

– வேற பொண்ணு கிடைப்பா.

– கிடைக்க மாட்டா. போகாத, பாப்பா. அண்ணன் கேக்கிறேன்.

– மைக் ஸ்டாண்டு உன்னோடது, இங்கேயே இருக்கட்டும்.

– அங்க போய் அசிங்கப்படப் போற.

– எதுக்கு?

– சொல்ல வேணாம்னுதான் பார்த்தேன்.

– சொல்லு.

– ஆல்பத்துல இருக்கிறது உன் குரல் இல்ல.

– ம்.

– நீ காய்ச்சல்ல படுத்திருந்த வாரம், ஸ்டூடியோவுல உன் பாகத்தை மட்டும் போட்டுக் கேட்டேன். சுருதி இறங்கிக்கிட்டே போகுது. உன்கிட்ட சொன்னா அழுவ. அதான் அதை எடுத்துட்டு நானே பொண்ணு மாதிரி கள்ளக்குரல்ல பாடி வச்சுட்டேன். பத்துப் பாட்டுக்கும். அட்டையில மட்டும்தான் உன் பேரு. ஊரே கொண்டாடுற அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு உயிரில்லன்னு எழுதின ஆளே என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறார். சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ.

– சிரிப்பு வரல. ஆல்பம் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்ணே.

– என்னது?

– நாலாவது பாட்டுக் கடைசியில ஒரு நீள இழுப்பு வருதே, அதை நான் நடுவுல மூச்சு எடுத்துத்தான் முடிப்பேன். இதுல மூச்சே இல்ல. பஸ்ஸுல கேட்டுக்கிட்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிட்டேன்.

– தெரிஞ்சுமா எல்லாரும் பாராட்டினப்போ வாயை மூடிக்கிட்டு இருந்த?

– நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அம்மா போன்ல சந்தோஷத்துல அழுதாங்க, பக்கத்துலதான் நின்ன, அப்ப சொல்லல. நல்லா இல்லன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அழுதுட்டு மறுபடி பாடியிருப்பேன். அதுவும் சொல்லல. இப்ப நான் பெட்டி கட்டினதும் சொல்ற. வலிக்குதுண்ணே.

– தப்புதான். ஆனா தெரிஞ்சும் எந்த தைரியத்துல அங்க போற? முதல் ஒத்திகையிலயே கண்டுபிடிச்சுடுவாங்க.

– நான் பாடப் போகல, பேஸ் வாசிக்கப் போறேன். அவங்க கூப்பிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், அது எங்கண்ணன் குரல்னு.

– அவங்க என்ன சொன்னாங்க?

– முதல்ல நம்பல. அப்புறம் ரொம்ப நேரம் சிரிச்சாங்க. சிரிச்சு முடிச்சுட்டு, அப்படின்னா நீ பேஸ் வாசி, பாடறதுக்கு உங்கண்ணனையும் கூட்டிக்கிட்டு வான்னாங்க. அடுத்தவங்களுக்குப் பின்னாடி நின்னு பாட எங்கண்ணன் வர மாட்டார்னு சொல்லிட்டேன்.