கட்டையைத் திருப்பும் பட்டன்

பழைய கன்ட்ரோலரில் ஒரு பட்டன் சரியாக வேலை செய்யவில்லை என்றால், முக்கால்வாசிப் பேர் அதை இன்னும் பலமாக அழுத்துவார்கள். தேவையே இல்லை. திருகுகளைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டு கீழே இருக்கும் தகட்டைத் தொட்டால் திரையில் உருவம் நகரும், தொடாவிட்டால் நகராது. அழுக்கைத் துடைத்து மூடினால் வேலை முடிந்தது. பழைய வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் செய்து நான் காலம் தள்ளுவது இந்த வித்தையை வைத்துத்தான்.

நீ உன் அம்மாவின் கன்ட்ரோலரை வேறொரு கடையில் கொடுத்துத் திறந்து பார்த்திருக்கிறாய். என்னிடமே கேட்டிருக்கலாம், மருமகளே. தாய்மாமன் நான் என்ன ஊரைவிட்டா ஓடிவிட்டேன்? இப்போது அதை என் மேசைமேல் பிளந்து போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து முறைக்கிறாய். தாராளமாக முறை. ஆனால் குறுக்கே பேசாமல் கேள். ஆமாம், அந்தப் பொட்டின்மேல் நெயில் பாலிஷ் தடவியது நான்தான்.

உன் அம்மா யார் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம். இந்தத் தெருவில் என் பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. ‘கிரேன் அக்காவோட தம்பி’ என்றால்தான் கடைக்கு வழி காட்டுவார்கள். துறைமுகத்தில் கிரேனின் உயரத்துக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, அறை அளவு இருக்கும் இரும்புப் பெட்டிகளை இடுக்கு விழாமல் அடுக்கிவிட்டு வருவாள். வந்ததும் என் முதுகில் ஒன்று போடுவாள். “டேய், நீ வீட்ல ஆடுற கட்டை ஆட்டத்தத்தான்டா நான் சம்பளம் வாங்கிக்கிட்டு ஆடுறேன்” என்பாள்.

பேச்சுக்குச் சொன்னதல்ல, உண்மைதான். மேலிருந்து விழுகிற கட்டைகளைத் திருப்பித் திருப்பி, ஓட்டை இல்லாமல் வரிசை சேர்க்கும் ஆட்டம். எங்கள் இருவருக்கும் அப்பா வாங்கித்தந்த முதல் கேம் கேசட் அது. அதில் ஒரு தடவைகூட நான் அவளை ஜெயித்ததில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள். ஆட்டத்தில் தோற்கிறவன் முதலில் சொல்வது “கன்ட்ரோலர் சரியில்ல” என்பதுதான். பேரன் சொல்வான், தாத்தா சொல்வார், குடும்பத்தோடு வந்து ஆடினால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இந்த உலகத்தில் அதைச் சொல்லாத ஒரே ஆள் உன் அம்மாதான். தோற்றால் “நான்தான் சொதப்பிட்டேன்” என்று உதட்டைப் பிதுக்குவாள். அவளிடம் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

பக்கவாதம் வந்து வலது கை தொங்கிப்போய் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, நீ ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாய். நான் குறை சொல்லவில்லை, உனக்கும் வேலை, குடும்பம் எல்லாம் இருக்கிறது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண், நான் கடை வைத்திருக்கும் முன்னறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“இவ்வளவு கேம் வச்சுக்கிட்டு என்னைய எதுக்குங்க கூப்பிட்டீங்க? இந்தக் கட்டை ஆட்டமே போதும். கட்டையத் திருப்புற பட்டன வலது கையால மட்டும் அழுத்தச் சொல்லுங்க. ஆரம்பத்துல எவ்வளவு வேலை வாங்குறோமோ அவ்வளவுதான் திரும்பி வரும். விட்டுட்டா விரல் மடங்கிப்போயிடும், அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது.”

அவள் சொன்னதை நான் நன்றாகக் கேட்டுக்கொண்டேன். புரியாமல் செய்துவிட்டேன் என்று உன்னிடம் மழுப்பப் போவதில்லை.

அந்த நாட்கள் எவ்வளவு நன்றாக இருந்தன என்று உனக்குத் தெரியாது. அவளுக்கு ஷிப்ட் இல்லை. காலையிலிருந்து என் பக்கத்து நாற்காலியில்தான். வருகிற வாடிக்கையாளர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பாள். சாப்பாட்டை நான் ஊட்டிவிட்டால், “பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி என்னடா இப்படிக் கூச்சப்படுற, வாய்க்குள்ள வைடா” என்று கேலி செய்வாள். அவ்வளவு வருஷமும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தோம், ஆனால் அப்போதுதான் எனக்கு ஒரு வீடு இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு அந்த விரல் அசைந்தது. திரையில் கட்டை திரும்பியது.

“டேய் தம்பி, பாத்தியாடா! கை சொன்ன பேச்சு கேக்குதுடா!”

நானும் கைதட்டினேன். உண்மையாகத்தான் தட்டினேன். அதே மூச்சில் அவள் சொன்னாள், “மெடிக்கல் டெஸ்ட்ல பாஸாயிட்டா, என் பொண்ணு இருக்கிற ஊர் துறைமுகத்துக்கே மாத்திக்கிறேன். இந்த வீட்ட என்ன பண்றதுன்னு அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்ப நான்?” என்று கேட்டேன்.

“உனக்கென்னடா, உன் பெட்டிங்க இருக்கு.”

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். ஃபேனை அணைத்துவிட்டு வா என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது கன்ட்ரோலரைத் திறந்தேன். இடது கை நகங்களுக்கு வலது கையால் பூசிப் பழகுகிறேன் என்று நெயில் பாலிஷ் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். பிசிறினாலும் வெளியே தெரியக் கூடாதென்று நிறமில்லாததாகக் கேட்டாள். அதைத்தான் எடுத்தேன். பூசிய இடம் தகட்டில் பட்டாலும் படாததுபோலத்தான். பொட்டு முழுவதும் பூசவில்லை, ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைத்தேன். பட்டன் அடியோடு செத்துப்போனால் யாருக்கும் தெரிந்துவிடும். சில நேரம் படவேண்டும், பல நேரம் படக் கூடாது.

படவில்லை. அவள் பட்டனைப் பார்க்கவே இல்லை, விரலைத்தான் பார்த்தாள். “நேத்து நல்லா இருந்துச்சேடா” என்றாள். விரல் தேறத் தேற, நான் விட்டுவைத்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். நுணுக்கமான வேலை. கண் வலிக்கும்.

பிசியோ பெண்ணுக்கு ஒருமுறை சந்தேகம் வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை அக்கா நன்றாகவே பிசைகிறாள், ஆட்டத்தில் மட்டும் ஏன் இப்படி என்றாள். “கன்ட்ரோலர்ல ஏதாவது கோளாறா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “என் தம்பி பாத்துக் குடுத்தது அது. அவன் கை பட்டா கெட்டது சரியாகுமே தவிர, சரியானது கெடாது. குத்தம் என் கையிலதான்.”

நான் கன்ட்ரோலரை வாங்கி அந்தப் பெண்ணுக்கு ஆடிக் காட்டினேன். பட்டனின் எந்த ஓரத்தில் அழுத்தினால் படும் என்று எனக்குத் தெரியும். கட்டைகள் அழகாகத் திரும்பி விழுந்தன. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாடிக்கையாளர்களிடம் வம்பு வளர்ப்பது குறைந்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள், தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. எனக்குக் கேட்டது. போய்க் கண்ணைத் துடைத்துவிட்டேன். வேறு யார் துடைத்தார்கள், நீயா?

கடைசியில் அவளே துறைமுகத்துக்குப் போன் போட்டு, டெஸ்டுக்கு வரவில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். பயிற்சிக்கும் அந்தப் பெண்ணை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பந்தைத் தொடவில்லை. பிசியோ சொன்னது போலவே விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயின. இப்போது அவளுக்குத் தலை வாருவது நான், சட்டை பட்டன் போட்டுவிடுவது நான், நகம் வெட்டிவிடுவதும் நான்தான். நினைவாக வைத்துக்கொள் என்று அந்தக் கன்ட்ரோலரை உனக்குத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான், எனக்கென்ன பயமா, நான் தடுக்கவில்லையே.

மன்னிப்புக் கேள் என்கிறாய். மாட்டேன். அந்தக் கூண்டில் அவளுக்கு இரண்டாவது முறை பக்கவாதம் வந்திருந்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன? யோசித்தாயா? நான் யோசித்தேன். சரி, பூச்சு தடவும்போது யோசிக்கவில்லை, பிறகு யோசித்தேன். அதனால் என்ன, நியாயம் நியாயம்தானே. உள்ளே போய் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

சொல்வதென்றால் முழுதாகச் சொல். அந்தக் கடைக்காரன் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது.

துறைமுகத்துக்குப் போன் போடுவதற்கு முந்தின நாள். நான் பின்னறையில் ஒரு பெட்டியின் கம்பிகளைச் சால்டரிங் செய்துகொண்டிருந்தேன். “தம்பி, இங்க வாயேன்” என்று மெல்லக் கூப்பிட்டாள். சத்தமாகப் பேசினால் நின்றுவிடுமோ என்று பயந்த குரல். போய்ப் பார்த்தேன். திரையில் கட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பித் திரும்பி அதனதன் இடத்தில் உட்கார்ந்தன, வரிசை வரிசையாக மறைந்தன. அந்த விரல் நான் மிச்சம் வைத்திருந்த துளி இடத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. அப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

“இது நான்தானடா?” என்று கேட்டாள். மரத்துப்போன விரல், பட்டனைத் தொடுவதே அவளுக்குச் சரியாகத் தெரியாது.

இந்தப் பெட்டிகளை ஆடாமல் சும்மா விட்டால், ஆளைக் கவர்வதற்காக ஆட்டம் தானாகவே கொஞ்ச நேரம் ஓடிக் காட்டும். அதற்கு டெமோ என்று பெயர். அப்போது எந்தப் பட்டனை அழுத்தினாலும் டெமோ நின்றுவிடும். சின்ன வயதில் அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

“இல்லக்கா, டெமோ ஓடுது. தானா ஆடுது. நீ கைய எடுத்துக்கோ” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி ஆட்டம் முடிந்ததைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணு, நான் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. எடுத்தது அவள்தான்.